வெயில் எல்லாருக்கும் ஒன்றுதானா?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சென்னையில் வாழும் நம் அனைவரின் வாயிலும் ஒரே பேச்சுத்தான்: "அப்பப்பா, என்ன வெயில்!" 2003-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசைத் தொட்டது. ஆனால், எண்ணை மட்டும் வைத்துச் சென்னை வெயிலை அளந்துவிட முடியாது. வியர்வை காயும்போதுதான் நம் உடல் குளிர்கிறது. கடலோர நகரின் ஈரக்காற்றிலோ வியர்வை எளிதில் காய்வதில்லை. எனவே, 38 டிகிரியே நம்மை வாட்டி எடுத்துவிடுகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் சுவர்களும் தார்ச்சாலைகளும் இரவில் அதை வெளியே விடுகின்றன. உறக்கமும் போய்விடுகிறது.

கதிரவன் ஏழை, பணக்காரர் என்று பார்ப்பதில்லை என்கிறோம். உண்மைதான். ஆனால், நாம் கட்டிய நகரம் பார்க்கிறதே! நம் அறையைக் குளிரவைக்கும் ஏ.சி. இயந்திரம், அறையின் வெப்பத்தைத் தெருவில்தான் தள்ளுகிறது. அந்தத் தெருவில் நிற்பவர் யார்? நடைபாதை வியாபாரி, தூய்மைப் பணியாளர், நமக்கு உணவு கொண்டு வரும் இளைஞர். வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி இல்லை. வீடு திரும்பினாலோ தகரக் கூரை. "நிறைய தண்ணீர் குடியுங்கள்" என்று அறிவுரை சொல்கிறோம். ஒதுங்கக் கழிப்பறை இல்லாததால், தாகத்தை அடக்கிக்கொண்டு நாள் முழுவதும் உழைக்கும் பெண்களுக்கு இந்த அறிவுரை எப்படிப் பயன்படும்?

வெயிலின் கொடுமை கோடையோடு முடிவதும் இல்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைக் காண இலட்சக்கணக்கானோர் கூடினர். அன்று 5 பேர் உயிரிழந்தனர். கொளுத்திய வெயில், குடிநீர்த் தட்டுப்பாடு, கூட்ட நெரிசல் பற்றி நாடே பேசியது. அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்போர் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல முடிவு. ஆனால், இறப்புக்கு வெப்பமே காரணம் என்று பதிவாக வேண்டுமே! வெயிலில் சுருண்டு விழுந்தவரின் இறப்பு, பல நேரங்களில் மாரடைப்பு என்றே எழுதப்பட்டுவிடுகிறது. கணக்கில் வராத சாவுகளுக்கு நிவாரணம் ஏது?

பிற நகரங்கள் நமக்குக் கற்றுத்தருவது என்ன? 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத் நகரில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். விழித்துக்கொண்ட அந்நகரம், 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, குடிநீர்ப் பந்தல்கள், பின்னர் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைப்பூச்சு என எல்லாமே எளிய வழிகள். 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் தனியே வாழ்ந்த முதியோர். கதவைத் தட்டிப் பார்க்க ஆளில்லாததும் உயிரைப் பறித்தது!

சென்னையிலும் நல்ல தொடக்கங்கள் உள்ளன. 2024-இல் போக்குவரத்துச் சிக்னல்களில் பச்சைநிற நிழல்வலைகள் கட்டப்பட்டன. 2025-இல் உணவு விநியோக ஊழியர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறக்கப்பட்டது. இவை பெருக வேண்டும். வெட்டிய மரங்களும் தூர்ந்த நீர்நிலைகளும் மீள வேண்டும். கட்டுமானப் பணியின் நேரம் காலைக்கும் மாலைக்கும் மாற வேண்டும், கூலி குறையாமல்!

அரசு செய்யட்டும் என்று நாம் ஒதுங்கிவிடலாமா? நம் அன்பியங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும், தெருவில் தனியே வாழும் முதியோர் யார் எனப் பட்டியல் எடுக்கலாம். காலையும் மாலையும் ஒருவர் சென்று பார்த்து வரலாம். நம் வளாகங்களின் நிழலையும், குடிநீரையும், கழிப்பறையையும் உழைப்பவர்களுக்குத் திறந்துவிடலாம். நண்பகலில் பொருள் கேட்டு ஆணையிடுவதைத் தவிர்க்கலாம். வெயிலில் ஒருவர் உளறினாலோ மயங்கினாலோ, உடனே 108-ஐ அழைப்போம். நிழலுக்குக் கொண்டுசென்று, ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறுவோம். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதிருப்போம்.

வெயிலை நம்மால் தடுக்க முடியாது. வெயிலில் ஒருவர் கவனிப்பாரற்றுச் சாவதைத் தடுக்க முடியும். இந்தக் கோடையில், நம் வீட்டுக் கதவைத் தட்டும் உணவு விநியோக இளைஞரிடம் "கொஞ்சம் உட்காருங்க தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்வதிலிருந்து தொடங்குவோமா?