வியன்னாவில் எதைப் பார்க்க வேண்டும்?

அயல்நாடு சென்று திரும்புகிறவர்களிடம் "அங்கே என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அரண்மனையைச் சொல்வார்கள், மாதா கோவிலைச் சொல்வார்கள், கடைவீதியின் ஜொலிப்பைச் சொல்வார்கள். அந்த ஊர் ஜனங்கள் எங்கே தூங்குகிறார்கள், எங்கே துணி துவைக்கிறார்கள், வாடகைக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. பிரயாண வழிகாட்டிப் புத்தகங்களுக்கு அதில் அக்கறை இல்லை!

ஆனால் ஒரு நகரத்தின் உண்மைக் கதை இந்த அன்றாடக் காட்சிகளில்தான் இருக்கிறது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவையே எடுத்துக்கொள்வோம்.

அங்கே போகிறவர்கள் எல்லோரும் ஷோன்புருன் அரண்மனையைப் பார்க்கிறார்கள். ஹாப்ஸ்பர்க் சக்கரவர்த்திகளின் கோடைக்கால வாசஸ்தலம் அது. மொத்தம் 1,441 அறைகள். ஒரே ஒரு ராஜ குடும்பத்துக்கும் அதன் பரிவாரத்துக்கும்!

அரண்மனைக்கு அருகே ஓடும் அதே நகர ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ஹைலிகன்ஸ்டாட்டில் இறங்குங்கள். எதிரே, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு ஒரு கட்டிடம் நிற்கும். பெரிய பெரிய வளைவு வாசல்கள். அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1927ல் தொடங்கி 1930ல் திறந்த இந்தக் குடியிருப்பில் 1,382 வீடுகள்; சுமார் 5,000 பேருக்காகக் கட்டப்பட்டவை. நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டிடம். மீதியெல்லாம் மரமும் புல்லும் குழந்தைகள் ஓடியாடும் முற்றமும். பொதுச் சலவைக்கூடம், குளிக்கும் இடம், குழந்தைகள் பள்ளி, நூல்நிலையம், பல் வைத்தியசாலை எல்லாம் உள்ளேயே அமைத்தார்கள்.

இத்தகைய குடியிருப்புகள் நகரமெங்கும் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், பெரிய எழுத்துக்களில் ஒரு வாசகம் காணப்படும். 'வியன்னா நகரசபையால், வீட்டு நிர்மாண வரிப் பணத்தைக் கொண்டு, இன்ன ஆண்டில் கட்டப்பட்டது' என்பது அதன் பொருள். யார் கட்டியது, எந்தப் பணத்தில் கட்டியது என்று வழிப்போக்கனுக்கும் சொல்லும் சுவர்!

இந்த வரி எப்படி வந்தது? முதல் உலக யுத்தத்துக்கு முன்பு அங்கே தொழிலாளியின் வாழ்க்கை நரகமாயிருந்தது. மாடிக்கு ஒரு தண்ணீர்க் குழாய். பல குடும்பங்களுக்கு ஒரே கக்கூஸ். அறை வாடகை கொடுக்க முடியாதவன் படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுப்பான். ஒருவன் வேலைக்குப் போக எழுந்ததும், வேலை முடிந்து வந்த இன்னொருவன் அதே படுக்கையில் சாய்வான்.

1919ல் நகரசபை சமூக ஜனநாயகவாதிகளின் கைக்கு வந்தது. 1922 முதல் வியன்னா தனி மாகாணமாகி, வரி போடும் அதிகாரம் பெற்றது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர் 1923ல் வீட்டு நிர்மாண வரியைக் கொண்டுவந்தார். சிறு வீட்டுக்குச் சொற்ப வரி. மாளிகைக்குப் பெரும் வரி. மிக ஆடம்பரமான அரை சதவீதக் கட்டிடங்களே மொத்த வசூலில் 40 சதவீதத்துக்கு மேல் கொடுத்தன. மோட்டார் கார், பந்தயக் குதிரை, ஷாம்பேன், ஒன்றுக்கு மேற்பட்ட வேலைக்காரர்கள் - எல்லாவற்றுக்கும் வரி! 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. பராமரிப்புச் செலவுக்கு மட்டுமே வாடகை; முதலுக்கு வட்டியோ லாபமோ அதில் கிடையாது.

பணக்காரர்கள் இதைப் பொறுப்பார்களா? நகரசபையின் கையில் வரி இருந்தது. பட்டாளமோ டால்ஃபஸ் சர்க்காரின் கையில் இருந்தது. 1934 பிப்ரவரி 12ந் தேதி சண்டை மூண்டது. பெண்டு பிள்ளைகள் குடியிருந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீதே பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. மார்க்ஸின் பெயரையும் நீக்கினார்கள். பாசிசம் வீழ்ந்த பிறகு 1945ல் அப்பெயர் திரும்பியது. எதிரிலுள்ள சதுக்கம் இன்று பிப்ரவரி 12ன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வியன்னா சொர்க்கமாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. தனியார் வீடுகளில் வாடகை ஏறத்தான் செய்கிறது. 2004க்குப் பிறகு நகரசபையே புது வீடு கட்டுவதை நிறுத்தி, 2015ல்தான் மீண்டும் தொடங்க முடிவு செய்தது. ஆனாலும் சுமார் 2,20,000 வீடுகளை அது விற்காமல் காத்து வருகிறது. பெர்லின் என்ன செய்தது? 2004ல் சுமார் 65,000 பொது வீடுகளை ஒரே வியாபாரத்தில் முதலாளிகளுக்கு விற்றது. வாடகை ஏறியது. 2021ல் அந்நகர மக்களில் வாக்களித்தோரில் பெரும்பான்மையினர், பெரிய கம்பெனிகளின் வீடுகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். விற்பதற்கு ஒரு கையெழுத்து போதும். திரும்பப் பெறவோ பல்லாண்டுப் போராட்டம் வேண்டும்!

ஆகவே அயல்நாடு செல்லும் நண்பர்களே! அரண்மனையைத் தாராளமாகப் பாருங்கள். பிறகு கடைசி நிலையம் வரை ரயிலில் போங்கள். உழைப்பவன் குடியிருக்கும் தெருவில் நடந்து பாருங்கள். அந்த வீட்டைக் கட்டியது யார், பணம் கொடுத்தது யார், வாடகை யாருக்குப் போகிறது என்று விசாரியுங்கள். ஊர் திரும்பியதும் அதை நாலு பேருக்குச் சொல்லுங்கள்.