முப்பது நோன்பும் பிடித்த பெண்

பெருநாள் பிறை கண்ட இரவில், பெண்கள் கூடியிருக்கும் முற்றத்தில் ஒரு கணக்கு நடப்பதுண்டு. யாருக்கு எத்தனை நோன்பு விடுபட்டது, யார் எத்தனையைக் கழாவாகப் பிடிக்க வேண்டும் என்னும் கணக்கு அது. அக்கூட்டத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, “எனக்கு ஒன்றுகூட விடுபடவில்லை; முப்பதும் பிடித்துவிட்டேன்” என்பாள். பெரியம்மாமார் அவள் தலையைத் தடவி, “மாஷா அல்லாஹ்” என்று மகிழ்வர். அடுத்த ஆண்டும் முப்பது. அதற்கடுத்த ஆண்டும் முப்பது. நான்காம் ஆண்டில் அவளுக்கு நிக்காஹ். ஏழாம் ஆண்டில் அதே பெரியம்மாமார் அவளை ஓரக்கண்ணால் பார்த்து, “இன்னும் ஒரு விசேஷமும் இல்லையா?” என்று கேட்பர். எட்டாம் ஆண்டில் கேட்பதையும் நிறுத்திவிடுவர். அவளுக்கு வேறொரு பெயர் வைத்தாயிற்று என்பது அதன் பொருள்.

நம் இல்லங்களில் பெண்களின் மாதக் கணக்கு செம்மையாக அறியப்பட்ட ஒன்று. தொழுகையும் நோன்பும் அக்கணக்கைச் சார்ந்தே நிற்கின்றன. நம் சட்ட நூல்களைத் திறந்தால் முதற்பாடமே தூய்மை பற்றியதுதான். மாதப்போக்கின் உச்ச வரம்பு பத்து நாள் என்பர் ஹனஃபிகள். பதினைந்து நாள் என்பர் ஷாஃபிஈகள். மீசை அரும்பாத மாணவன் மதரஸாவில் அமர்ந்து ஹைளின் சட்டங்களை உரக்க ஓதி ஒப்புவிக்கிறான். அதற்காக எவரும் நாணியதில்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்த சமுதாயம், கணக்குப் பிசகும்போது மட்டும் வாய்மூடிக்கொள்வதேன்? போக்கு அதிகமானால், தொழலாமா கூடாதா என்று ஹஜ்ரத்திடம் ஆள்விட்டுக் கேட்கிறோம். மூன்று மாதமாக வரவேயில்லை என்றாலோ, தொழுகைக்கு இடையூறில்லையே என்று இருந்துவிடுகிறோம்!

இந்நிலைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் மிகப் பரவலானது, மக்கள் ‘நீர்க்கட்டி’ என்றும் மருத்துவர் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்றும் சொல்லும் ஹார்மோன் கோளாறு. 1935ஆம் ஆண்டு சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் ஆகிய இருவரும் ஏழு பெண்களின் நோய்க்குறிகளைத் தொகுத்து எழுதியதிலிருந்து இது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களுள் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவிலோ அதற்குச் சற்று மேலாகவோ இது காணப்படுவதாகவும், உலகெங்கும் இவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை தமக்கு இது இருப்பதையே அறியாதிருப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அந்த 70இல் நம் முற்றத்துப் பெண்ணும் ஒருத்தி.

நீர்க்கட்டி என்னும் பெயரே பாதித் தீங்கைச் செய்துவிடுகிறது. அவை கட்டிகளே அல்ல. முதிர்ந்து வெளிவர வேண்டிய கருமுட்டைப் பைகள் பாதி வளர்ச்சியில் தேங்கி நிற்பவை. நோயின் வேரும் சூலகத்தோடு முடிவதில்லை. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் இன்சுலின் மேலும் மேலும் சுரக்கிறது. அம்மிகுதி சூலகத்தைத் தூண்டி, ஆண்தன்மை ஹார்மோன்களை அளவுக்கு மீறிச் சுரக்கச் செய்கிறது. கருமுட்டை முதிராமல் நிற்பதும், மாதப்போக்குத் தள்ளிப்போவதும், தாடையில் முடி அரும்புவதும், முகப்பரு மண்டுவதும் இதன் விளைவுகள். பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பும் இப்பெண்களுக்குக் கூடுதல். தெற்காசிய இனத்தாருக்கு இயல்பிலேயே நீரிழிவு நாட்டம் மிகுதி என்பதால் நாம் இருமடங்கு விழிப்போடிருக்க வேண்டியவர்கள். இந்நோய் உள்ள பெண்ணுக்குக் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையை நோய் கண்டறிந்தபோதும், பின்னர் ஒன்று முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் செய்ய வேண்டும் என்று 2023இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. நம்மில் எத்தனை தாய்மார்கள் மகளை அதற்கு அழைத்துச் சென்றிருக்கிறோம்?

“தின்று தின்று பருத்தாள், அதுதான்” என்பவர்கள் உண்டு. மெலிந்த பெண்களுக்கும் இது வருகிறது. பருமன் நோயை மிகுவிப்பது உண்மை. நோய் உடலைப் பருக்கச் செய்வதும் உண்மை. உடற்பயிற்சியும் அளவான உணவும் பலனளிக்கும். ஆனால், சோற்றுத் தட்டைப் பார்த்துக் கேலி பேசுவது எந்த வழிகாட்டியிலும் மருந்தாகக் குறிக்கப்படவில்லை. இந்நோயுடையோரின் மனச்சோர்வையும் அச்சத்தையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்றும், உடற்பருமனைச் சொல்லி இழிவுபடுத்துவது கேடு விளைவிப்பது என்றும் அதே வழிகாட்டி கூறுகிறது. குடும்ப வழியில் வரும் கூறும் இதில் உண்டு. பிரிட்டனில் திரட்டப்பட்ட பெரும் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்தவர்கள், இந்நோய்க்குரிய மரபுக்கூறுகளை மிகுதியாகப் பெற்ற ஆண்களிடம் பருமனும் நீரிழிவும் வழுக்கையும் கூடுதலாகக் காணப்படுவதைக் கண்டனர். சூலகமே இல்லாத வாப்பாவும் இதை மகளுக்குக் கொடுத்திருக்கக்கூடும். வழுக்கைத் தலையோடு நீரிழிவு மாத்திரை விழுங்கும் வாப்பாவை நோக்கி எவரும் பெருமூச்சு விடுவதில்லை.

இனி, மருத்துவரிடம் போனவர்களின் கதை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்து, “கட்டி இருக்கிறது, பிள்ளை பிறப்பது சிரமம்” என்று சொல்லியனுப்பும் இடங்கள் உள்ளன. பருவமெய்திய எட்டாண்டுகளுக்குள் ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவுசெய்யலாகாது என்பது மேற்சொன்ன வழிகாட்டியின் விதி. அந்த வயதில் ஆரோக்கியமான பெண்ணின் சூலகமும் அப்படியே தோன்றக்கூடும். மாதக் கணக்கின் பிசகும், ஆண்தன்மை ஹார்மோன் மிகுதியின் அறிகுறியும் சேர்ந்திருந்தால்தான் இளம்பெண்களிடம் இது உண்டெனக் கொள்ள வேண்டும். ஒரு தாளைக் காட்டிக் குடும்பத்தையே நடுங்க வைப்போர் இதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நம்புவதற்கில்லை.

நாமறிந்த இல்லம் ஒன்றில், உம்மா தம் மகளை முறையாகவே மருத்துவரிடம் அழைத்துப் போனார். மாதம் சீராக மாத்திரை தரப்பட்டது. இரண்டு மாதம் சீராயிற்று. மூன்றாம் மாதம் யாரோ ஒரு மாமி அந்த அட்டையைப் பார்த்து, “இது கர்ப்பத்தடை மாத்திரை அல்லவா! கன்னிப் பெண்ணுக்கா கொடுக்கிறாய்?” என்றார். அன்றே அட்டை சாக்கடைக்குப் போயிற்று. அம்மாத்திரை அப்பெயரால் வழங்குவது உண்மைதான். இந்நோயில் மாதத்தைச் சீராக்கவும், முடி வளர்ச்சியைக் குறைக்கவும் முதலில் கையாளப்படும் மருந்தும் அதுவே. நிறுத்தியபின் அது மலட்டுத்தன்மையை விட்டுச்செல்வதில்லை. மாதப்போக்கு நெடுங்காலம் வராமலே கிடந்தால்தான் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் இடமளிக்கக்கூடும். எனவே, “மணமாகட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்பது பொறுமை ஆகாது. மணம் இந்நோய்க்கு மருந்துமன்று. “கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகும்” என்னும் பழமொழியை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் பெண்ணைப் பெற்றவர்களாயிருக்க முடியாது.

ஆயினும், நம் சினத்துக்குரிய பேரநீதி இவற்றுள் எதுவுமன்று. அது சபுரின் கணக்கு.

நம் ஊர்களில் மணமகன் பெரும்பாலும் வளைகுடாவில் இருப்பவர். நாற்பத்தைந்து நாள் விடுமுறையில் வருகிறார். அதில் பத்து நாள் நிக்காஹ் ஏற்பாட்டிலும் வலீமாவிலும் விருந்திலும் போகிறது. பிறகு பயணம். இரண்டாண்டு கழித்து இன்னொரு நாற்பத்தைந்து நாள். நான்காம் ஆண்டு முடிவில் மற்றுமொரு நாற்பத்தைந்து. ஆகமொத்தம் 135 நாள், நான்கரை மாதம். ஊரார் வாயிலோ, “கல்யாணமாகி நாலு வருஷம்!” ஓராண்டுக் காலம் கணவனும் மனைவியும் தடையின்றிச் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால்தான் அதைக் குறைபாடு என்று மருத்துவம் அழைக்கிறது. இவர்கள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை!

கணக்கை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெளிவந்த கருமுட்டை ஏறத்தாழ ஒரு நாள் உயிரோடிருக்கும். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே, மாதம் சீராக உள்ள பெண்ணுக்கே ஒரு சுற்றில் ஆறு நாட்கள்தாம் வாய்ப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதப்போக்கு வரும் பெண்ணின் நிலை என்ன? கணவர் வந்து போகும் நாற்பத்தைந்து நாளில் ஒரு கருமுட்டைகூட வெளிவராமலே விடுமுறை முடிந்துபோகக்கூடும். அவர் விமானம் ஏறிய பத்தாம் நாள் அது வெளிவரவும் கூடும். இதில் அவள் செய்த குற்றம் என்ன? தாயத்துக் கட்டியும் தண்ணீர் ஓதிக் குடித்தும் தர்காக்களில் நேர்ந்தும் அலைகிறாள். அவளுக்கு வேண்டியது துஆவோடு ஒரு நாட்காட்டியும், கணவர் வரும் தேதியை முன்கூட்டி அறிந்த மருத்துவரும். மாதம் சீரற்ற பெண்கள் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. உடனே ஆய்வுக்குப் போகலாம் என்பதும் மருத்துவ நெறியே.

கருமுட்டையை வெளிவரச் செய்யும் வழிகள் இன்று எட்டாக்கனியல்ல. 2014இல் அமெரிக்காவில் இந்நோயுடைய 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், லெட்ரோசோல் உண்டவர்களுள் நூற்றுக்கு 27.5 பேரும், பழைய மருந்தாகிய குளோமிஃபீன் உண்டவர்களுள் 19.1 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். இந்தியாவில் இதே லெட்ரோசோலைக் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாகாது என்று 2011இல் தடை விதித்திருந்தார்கள். 2017இல் அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பெண்கள் ‘வாழாவெட்டி’ என்னும் பட்டத்தோடு தாய்வீடு திரும்பினார்கள் என்று எவரும் எண்ணிவைக்கவில்லை. 2024இல் சீன ஆய்வாளர்கள், மலேரியாவுக்குரிய ஆர்ட்டிமிசினின் இனத்து மருந்தொன்றை 19 பெண்களுக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்து, அவர்களுள் 12 பேருக்கு மாதம் சீரானதைக் கண்டறிந்தனர். பத்தொன்பது பேர் என்பது சிறு தொகை; அதை நம்பி மருந்துக் கடைக்கு ஓடுவதற்கில்லை. ஆனால், நோயைத் தீவினை என்று எண்ணாமல் அதன் வேரைத் தேடுவோர் உலகில் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

இத்தனையும் பெண்ணைப் பற்றியே பேசிவிட்டோம். அதுவும் நம் வழக்கத்தின் பிழைதான். பிள்ளையில்லாத தம்பதியருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் பங்கு பெறுகிறது. அதைக் காண வேண்டிய விந்துப் பரிசோதனை, மருத்துவத்தில் உள்ள எளிய பரிசோதனைகளுள் ஒன்று. ஊசியில்லை, மயக்கமருந்தில்லை, செலவு, வலீமாவில் ஒரு சஹனுக்கு ஆகும் செலவைவிடப் பெரிதாக இராது. பெண்ணுக்கோ இரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, கருக்குழாயில் சாயம் செலுத்திப் படமெடுத்து, வயிற்றில் துளையிட்டுக் கருவி நுழைத்தும் பார்த்துவிடுகிறோம். எல்லாம் முடிந்தபின்னும், “என் மகனுக்கென்ன? அவன் ஆம்பிளைச் சிங்கம்!” என்கிறார் மாமியார். நெடுநேர வெப்பமும் புகைப்பழக்கமும் நீரிழிவும் பருமனும் விந்தணுவைக் கெடுக்கும். அடுப்படியில் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் சபுராளி மகனை அந்தத் தாய் சிங்கமென்று சொல்லிப் பெருமைகொள்ளட்டும், பரிசோதனைக்கும் அனுப்பட்டும்.

பிறகு வருகிறது இரண்டாம் நிக்காஹ் பேச்சு. மார்க்கம் அனுமதிக்கிறதே என்பர். நீதியோடு நடக்க வேண்டும் என்னும் நிபந்தனையையும் அதே மார்க்கம்தான் விதித்தது. தன்னை ஒருமுறையும் பரிசோதித்துக்கொள்ளாமல், மனைவியைக் குறையுள்ளவள் என்று சபையில் நிறுத்தி, இன்னொரு வீட்டுப் பெண்ணை அழைத்து வருபவன் எந்த நீதியின் பெயரால் அதைச் செய்கிறான்? அந்த இரண்டாமவளுக்கும் பிள்ளை பிறக்காமற்போன வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அப்போது இருவரையும் சேர்த்தே ராசியில்லாதவர்கள் என்றனர்!

குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் இவற்றை எழுதலாமா, ஹயா இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். கல்யாண வீட்டில், முப்பது பேர் நடுவில், மணமாகி ஆறு மாதமான பெண்ணின் வயிற்றை உற்றுப் பார்த்து, “விசேஷமுண்டா?” என்று கேட்கும்போது அந்த ஹயா எங்கே போயிருந்தது?

அடுத்த விடுமுறைக்கு இப்போதே டிக்கெட் எடுத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு செய்தி. அந்தப் பரிசோதனைக்கு நீங்கள் ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் வேலை பார்க்கும் நகரத்திலேயே ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. முடிவு எதுவாயினும், அந்தத் தாளை மனைவிக்கு அனுப்புவதற்கு முன் உங்கள் உம்மாவுக்கு அனுப்புங்கள்.