தாமதம் திண்டிவனத்தில் தெரிந்தால் என்ன பயன்?

சென்னையிலிருந்து மும்பைக்கு விமானம் பறப்பது சுமார் 2 மணி நேரம். அதைப் பிடிக்கச் சிதம்பரத்துக்காரர் மீனம்பாக்கம் விமான நிலையம் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போக வேண்டும். காலை விமானம் என்றால் நள்ளிரவிலேயே கார் ஏறிவிடுகிறார். கடலூர்க்காரருக்கு ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம், அவ்வளவுதான். திண்டிவனம் தாண்டியதும் ‘விமானம் 3 மணி நேரம் தாமதம்’ என்று குறுஞ்செய்தி வந்தால் என்ன செய்வார்?

எல்லாத் தாமதமும் ஒன்றல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. கடலூரே வெள்ளத்தில் தத்தளித்த நேரம் அது. 2025 டிசம்பர் கதை வேறு. விமானிகளின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் புதிய விதி வரப்போவது முன்பே தெரியும். இண்டிகோ விமான நிறுவனம் அதற்கேற்ப ஆள் ஏற்பாடு செய்யவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. இதை மன்னிக்கவே முடியாது.

சென்னை–மும்பை போன்ற குறுகிய பயணங்களில் 2 மணி நேரம் தாமதித்தால் சிற்றுண்டி தர வேண்டும், 6 மணி நேரம் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்கிறது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. சிற்றுண்டி சரி, போன தூக்கத்துக்கும் கார் வாடகைக்கும் யார் பொறுப்பு?

புதுச்சேரியிலிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் விமானங்கள் மீண்டும் தொடங்கியது கடலூர், சிதம்பரம் பகுதிக்கு ஆறுதல். மற்ற ஊர்களுக்குப் பெரும்பாலும் சென்னைதான் வழி. அதிகாலை விமானம் தாமதமாகும் என்று தெரிந்தால், முந்தைய இரவு பயணி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும்.