காற்றுள்ளபோதே

“காற்றையும் வெயிலையும் நம்பித் தொழில் நடத்த முடியுமா?” என்று ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் தொழில் செய்கிறவர்கள் கேட்கிறார்கள். கேட்பது புத்திசாலித்தனம் என்றும் நினைக்கிறார்கள். நம் பாட்டன் காற்று வீசியபோது முறத்தோடு களத்துக்குப் போனான். தனக்குச் சௌகரியமான வேளையில் வீசவில்லையே என்று காற்றைத் திட்டவில்லை. ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பதுதான் அவனுடைய மின்சாரக் கொள்கை!

ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை காற்று கொழிக்கிறது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஆனால் வெயிலின் உச்சம் நடுப்பகல். வீடுகளில் விளக்கு எரிவதோ வெயில் சாய்ந்த பிறகு. மின்கம்பிக்குச் சேமித்து வைக்கத் தெரியாது. வரவும் செலவும் கணத்துக்குக் கணம் சரியாக இருக்க வேண்டும். மிஞ்சினால் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறோம். குறைந்தால் நிலக்கரியைக் கொளுத்துகிறோம். பகலில் சோற்றைக் கொட்டிவிட்டு இரவில் கடனுக்கு அரிசி வாங்குகிற குடும்பம் உருப்படுமா?

மிச்சத்தைச் சேமிப்பது ஒரு வழி. காடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் வித்தையை 1980-களிலேயே கற்றோம். அடுத்ததாக நீலகிரியில் குந்தாத் திட்டத்தைத் தொடங்க ஒரு தலைமுறை ஆயிற்று!

தேவையை நகர்த்துவது இன்னொரு வழி. பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996-ல் கண்டித்துத் தீர்ப்பளித்த தோல் கழிவுநீரையே எடுத்துக்கொள்வோம். சுத்திகரிப்பில் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதுவதை நிறுத்த முடியாது. தோல் ஊறும் டிரம்மையும் பாதியில் நிறுத்த முடியாது. மெய்தான். ஆனால் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. பம்புகள்? போதுமான தொட்டி இருந்தால் நீரைத் தேக்கி, நடுப்பகலில் முழுவேகத்தில் ஓட்டி, மாலையில் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாமே!

உபதேசத்தால் இது நடக்காது, விலையால் நடக்கும். தொழிற்சாலைகளுக்கு வெயில் நேரக் கட்டணம் ஐந்தில் ஒரு பங்காவது குறைய வேண்டும் என்று 2023-ல் மத்திய அரசு விதி செய்தது. விதி ஏட்டில் கிடந்து என்ன பயன்? பில்லில் தெரிய வேண்டும். மின் செலவு கழுத்தை நெரித்தால் மனிதன் முதலில் கை வைப்பது சுத்திகரிப்பில்தான். அந்தச் சிக்கனத்தின் கணக்கைப் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பாகவே எழுதி வைத்திருக்கின்றன.

காற்றின் மேல் பழி போட்டது போதும். அது வீசிக்கொண்டுதான் இருக்கிறது. முறத்தைக் காணோம் என்பதுதான் நம் குறை.