நெட்டைப் பிள்ளைகளுக்கு நாள் கொடுங்கள்



கரமனையிலிருந்து அன்னையார் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்ததும், இத்திங்கள் எழுத எண்ணியிருந்த வேறொரு பொருளை ஒதுக்கி வைத்தேன். அவருடைய மகனுக்கு வயது 18. உயரம் 6 அடி 4 அங்குலம். கூடைப்பந்தாட்டக்காரன் என்ற முறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது. கிடைத்து ஓராண்டு ஆகப் போகிறது. பையன் பெரும்பாலும் ஆட்டக்களத்தின் ஓரத்துப் பெஞ்சியிலேயே அமர்ந்திருக்கிறானாம். பனைமரம்போல் வளர்ந்து என்ன பயன் என்று உறவினர் கேலி பேசுகின்றனர். ஆட்டத்தை விட்டுவிட்டுப் பி.எஸ்.சி. தேர்வுக்குப் பயிற்சி பெறச் சொல்லலாமா என்பது அன்னையாரின் வினா.

படிப்பைக் கைவிட வேண்டுமென்று எவரும் சொல்லார். ஆனால் ஓராண்டு உட்கார்ந்திருந்தான் என்ற ஒரே காரணத்தால் ஆட்டத்தை விடச் சொல்வது அவசரம் என்றே நான் கருதுகிறேன். குட்டையான பிள்ளை பெஞ்சியில் அமர்வதற்கும் நெட்டையான பிள்ளை பெஞ்சியில் அமர்வதற்கும் பொருள் வேறு. (நெட்டை என்பதில் இகழ்ச்சி ஏதுமில்லை, நம் வீடுகளில் வழங்கும் சொல் என்பதால் எடுத்துக்கொண்டேன்.)

கூடைப்பந்தின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஆகவே உயரமானவனுக்கு ஆட்டம் எளிது என்று பார்ப்போர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. நடுத்தர உயரமுள்ள சிறுவன் எட்டு, ஒன்பது வயதிலேயே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிப் பழகிவிடுகிறான். கல்லூரிக்கு வரும்போது அவனுக்குப் பத்தாண்டு அனுபவம் இருக்கும். நெட்டைப் பையனோ, பதினான்கு அல்லது பதினைந்தாம் வயதில் திடீரென்று வளர்ந்து, உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் கண்ணில் பட்டு, கிரிக்கெட்டிலிருந்தோ கைப்பந்திலிருந்தோ அழைத்து வரப்படுகிறான். அழைத்து வந்தவுடன் அவனுக்குக் கிடைப்பது ஆட்டத்தின் மிகக் கடினமான இடம். சென்டர் என்னும் அவ்விடத்தில் நிற்பவன் வளையத்திற்கு முதுகு காட்டியே பந்தை வாங்க வேண்டும். முதுகில் ஒருவன் இடித்துக்கொண்டிருப்பான். ஒரு காலை ஊன்றி மறுகாலால் சுழல வேண்டும். ஊன்றிய கால் பெயர்ந்தால் தவறு. வளையத்தின் முன்னுள்ள கட்டத்தில் 3 வினாடிக்கு மேல் நின்றால் தவறு. எதிரியின் கையைத் தட்டினால் தவறு. அவ்வாறு ஐந்து சேர்ந்தால் வெளியேற வேண்டியதுதான். இவ்வளவையும் இன்னும் தன் சொல் கேளாத நீண்ட கைகால்களைக்கொண்டு அவன் செய்ய வேண்டும்.

இவ்வாட்டம் பிறந்த அமெரிக்க நாட்டிலும் இதே இடர் இருந்தது. 1942-இல் சிகாகோ நகரின் டீபால் பல்கலைக்கழகத்தில் ரே மேயர் என்பவர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவரிடம் வந்து சேர்ந்தவன் ஜார்ஜ் மைக்கன் என்னும் இளைஞன். உயரம் 6 அடி 10 அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி, நடையிலேயே தடுமாற்றம். நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தார் அவனைச் சோதித்துப் பார்த்து வேண்டாமென்று அனுப்பிவிட்டிருந்தனர். அக்காலத்தில் அவ்வளவு உயரமானவர்களால் ஆட முடியாது என்பதே பலரின் துணிபு. மேயர் அவனை உடனே வளையத்தின் கீழ் நிறுத்தி ஆடு என்று சொல்லவில்லை. கயிறு தாண்டச் செய்தார்; குத்துச்சண்டைக்காரரைப்போல் கால் மாற்றி ஆடச் செய்தார்; நடனம் பயிலவும் அனுப்பினார்! வளையத்தின் வலப்புறம் நின்று வலக்கையால் ஒரு முறை, பந்து கீழே விழுமுன் பிடித்து இடப்புறம் வந்து இடக்கையால் ஒரு முறை என்று நாள்தோறும் நூற்றுக்கணக்கில் எறியச் செய்தார். அப்பயிற்சி இன்றும் உலகெங்கும் மைக்கன் பயிற்சி என்ற பெயராலேயே வழங்குகிறது. நடையில் தடுமாறிய அதே இளைஞரை, 1950-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நடத்திய வாக்கெடுப்பில் அரை நூற்றாண்டின் தலைசிறந்த கூடைப்பந்து வீரராகத் தேர்ந்தெடுத்தனர். அவருடைய ஆதிக்கத்தைத் தாங்காமல் 1951-இல் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தார் வளையத்தின் முன்னுள்ள கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தினர் என்றால், அந்தக் கயிறு தாண்டலின் பயனை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நைஜீரிய நாட்டு லாகோஸ் நகரத்து ஹக்கீம் ஒலாஜுவான் கதை நம் கரமனைப் பையனுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் கால்பந்தில் கோல் காப்பவராகவும் எறிபந்து ஆட்டக்காரராகவும் இருந்து, பதினைந்து வயதுக்குப் பிறகே கூடைப்பந்தைத் தொட்டவர். 1980-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை, பயிற்சி மட்டுமே. இரண்டாம் பருவத்திலும் சராசரியாக ஆட்டத்திற்கு எட்டுப் புள்ளி சொச்சமே எடுத்தார். அவருக்கும் ஓர் அத்தையோ மாமாவோ உடனிருந்திருந்தால், ஊருக்குத் திரும்பி வா என்று சொல்லியிருப்பார்கள். 1983-இல் நாடளாவிய கல்லூரிப் போட்டியின் இறுதிக் கட்டத்தில், தம் அணி தோற்றிருந்தும் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. 1984-இல் தொழில்முறை அணிகளின் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக எடுக்கப்பட்டார். கோல் காத்த காலத்தில் பழகிய கால்களே பின்னர் அவருடைய புகழ்பெற்ற சுழற்சிக்கு அடிப்படை ஆயின. ஆகவே பையன் முன்பு வேறு ஆட்டம் ஆடிய ஆண்டுகள் வீண் என்றும் எண்ண வேண்டா.

மேலும் ஒரு செய்தி. 1972 வரை அமெரிக்கக் கல்லூரிகளின் முதன்மைக் கூடைப்பந்து அணியில் முதலாண்டு மாணவர் ஆடவே விதி இடங்கொடுக்கவில்லை. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகறிந்த லூ அல்சிண்டர்கூட 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிக்கு வந்து ஓராண்டு காத்திருந்தே அணியில் சேர்ந்தார். விதியாக இருந்தபோது எவரும் அதனை அவமானமாகக் கொள்ளவில்லை.

கடல் கடந்த கதைகள் போதும். நம் பக்கம் வருவோம். இவ்வாட்டம் 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவரால் உண்டாக்கப்பட்டது. அதே பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். தென்னாட்டுப் பள்ளி கல்லூரிகளில் நம் பாட்டனார் காலம் முதல் விளையாட்டுக் கற்பித்த ஆசிரியர் பலர் அங்குப் பயின்றவர்களே. கேரளத்தில் இவ்வாட்டத்தை வளர்த்ததில் பெண்கள் கல்லூரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கோட்டயம் மாவட்டத்துக் கீது அன்னா ஜோஸ் 6 அடி 2 அங்குல உயரம் உடையவர். சங்ஙனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் ஆடி, பின்னர் சென்னையில் தென்னக ரயில்வேயில் பணியேற்றவர். நாம் தமிழகத்திலிருந்து இங்கு வந்தோம். அவர் இங்கிருந்து அங்குச் சென்றார்! 2006 முதல் ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்காகச் சில பருவங்கள் ஆடினார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை அணிகள் மூன்று அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை, ஆனால் அவ்வழைப்பு வருவதற்கு அவருக்கு 25 வயது ஆக வேண்டியிருந்தது. 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். உயரமான பெண்ணை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை கிடைப்பானா என்று மட்டும் கவலைப்படுகிற வீட்டார் இதனை இரண்டு முறை படிக்கலாம்.

இனி மறுபக்கம். பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் பிறந்த சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம் வளர்ந்தவர். சிறுவயதிலேயே லூதியானாப் பயிற்சிக்கூடத்திற்கு அனுப்பப்பட்டு, 2010-இல் பதினான்கு வயதில், ஆங்கிலம் அறியாமலே, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றிற்குச் சென்றார். கல்லூரியில் சேர்வதற்கு வேண்டிய படிப்புத் தகுதி கைகூடாமையால், கல்லூரி ஆட்டமே ஆடாமல் 2015-இல் நேரே தொழில்முறைத் தேர்வுக்கு நின்றார். டல்லஸ் அணி அவரை 52-ஆவதாக எடுத்தது. அவ்வாறு எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. நாடே மகிழ்ந்தது. ஆனால் முதன்மைச் சங்கத்தின் முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அடுத்த நிலை அணியிலும் களத்தில் நின்ற நேரம் சொற்பமே. சில ஆண்டுகளில் மல்யுத்த அரங்கிற்குச் சென்றுவிட்டார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மொழி தெரியாத நாட்டில் பதினான்கு வயதுப் பிள்ளை இருந்ததே பெரிது. எனினும் மற்றவர்க்கு மைக்கன்போல், ஒலாஜுவான்போல் கல்லூரியில் கிடைத்த மூன்று நான்கு ஆண்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. தவறு செய்து, திருந்தி, மீண்டும் தவறு செய்வதற்கு உரிய ஆண்டுகள் அவை. அவை இருந்திருந்தால் வெற்றி உறுதி என்று நான் சொல்லவில்லை; அவை இல்லாமல் ஒரு நெடிய பிள்ளையை மேலே ஏற்றி நிறுத்துவது கொடுமை என்கிறேன்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது உடல்நிலை. வளரும் பருவத்தில் எலும்பு முதலில் நீளுகிறது. தசையின் வலிமை பின்னரே வந்து சேருகிறது. அந்த இடைவெளியில் பையன் தட்டில் இருப்பதையும் தம்ளரில் இருப்பதையும் தட்டிவிடுவான். அதற்காகத் திட்ட வேண்டா. பள்ளி வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், தைலம் தடவி மறுநாளே குதிக்க அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நம் ஊரில் பல ஆட்டக்களங்கள் சிமெண்டுத் தரை. அதில் நாள்தோறும் நூறு முறை குதிப்பது கனத்த உடலுக்கு நல்லதன்று. சீன நாட்டு யாவ் மிங் 7 அடி 6 அங்குல உயரமும் பேராற்றலும் உடையவர். பாதத்து எலும்பு முறிவுகளால் 2011-இல் 30 வயதிலேயே ஓய்வு பெற நேர்ந்தது. இடவப்பாதி மழையில் களம் நனைந்து ஆட்டம் நின்றால் வருந்தற்க. கயிறு தாண்டுவதற்கும் சுவரில் பந்தை எறிந்து இடக்கையால் பிடிப்பதற்கும் வீட்டுத் திண்ணை போதும். முட்டை, மீன், பருப்பு, பால் ஆகியவற்றில் அவரவர் வழக்கத்திற்கு ஏற்றதை நிறையக் கொடுங்கள். எட்டு மணி நேர உறக்கத்தைக் கைப்பேசி தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதால், பெஞ்சியில் இருத்தும் பயிற்சியாளர் எல்லாரும் ரே மேயர் என்று கொள்ள வேண்டா. உயரத்தைக் கண்டு சேர்த்துக்கொண்டு, பெயர்ப் பட்டியலில் ஓர் எண்ணாக வைத்து, ஒன்றுமே கற்பிக்காமல் விடுவோரும் உளர். அது பொறுமையன்று, புறக்கணிப்பு. இரண்டையும் பிரித்தறிவது எளிது. அன்னையார் ஒருநாள் மாலை கல்லூரிக்குச் சென்று, மரியாதையுடன், என் மகன் இம்மாதம் எதைக் கற்கிறான் என்று கேட்கட்டும். இடக்கை எறிதல், கால் சுழற்சி, எதிரியை முதுகால் தடுத்துப் பந்தை எடுத்தல் என்று ஏதேனும் ஒன்றைப் பயிற்சியாளர் குறிப்பாகச் சொன்னால் நிம்மதியாகத் திரும்பலாம். பார்ப்போம், வளரட்டும் என்று மட்டும் சொன்னால் வேறிடம் தேடுவதில் தவறில்லை. கடந்த ஆண்டு செய்ய முடியாத எதனை இவ்வாண்டு செய்கிறாய் என்று பையனையும் கேளுங்கள்; அவனுக்கு விடை தெரியும்.

பிழைப்பைப் பற்றியும் ஒரு சொல். தென்னக ரயில்வே, கேரள மின்வாரியம், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதலியன கூடைப்பந்து அணிகளால் பெயர் பெற்றவை; நல்ல உயரமான ஆட்டக்காரர் கிடைப்பது அரிது. ஆயினும் இடங்கள் சிலவே. ஆகவே பட்டத்தையும் பந்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும், பி.எஸ்.சி. புத்தகம் மேசையில் இருப்பதால் ஆட்டத்திற்கு ஒரு கேடும் இல்லை. 2024 ஜூலை முதல் கேரளத்துப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்துள்ளது. மூன்றாண்டில் முடித்துக்கொள்ளவும் வழியுண்டு. நெட்டைப் பிள்ளைகளின் வீட்டார் அந்த நான்காம் ஆண்டை அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டா. முதலாண்டு கால்களுக்கும் இரண்டாமாண்டு கைகளுக்கும் போய்விடும். அதன் பிறகே ஆட்டம் தொடங்கும்.

அடுத்த முறை கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்குச் செல்வோர் அரைமணி நேரம் முன்னதாகவே சென்று அமர்க. கைதட்டல் தொடங்குவதற்கு முன், வளையத்தின் கீழே ஓர் ஒல்லிப் பையன் வலக்கையால் ஒன்று, இடக்கையால் ஒன்று என்று ஓயாமல் எறிந்துகொண்டிருப்பதைக் காணலாம்.