சர்ப்பகந்தியும் மேடைப் பெருமையும்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இலக்கிய விழாவோ ஆசிரியர் கூட்டமோ எது நடந்தாலும், மேனாட்டார் இன்று கண்டவை யாவும் நம் முன்னோர் அன்றே அறிந்தவை என்று ஒருவர் முழங்குவதும், அவையோர் கைதட்டுவதும் வழக்கமாகிவிட்டன. சான்றாகச் சர்ப்பகந்தி வேர் எடுத்துக்காட்டப்படும். இப்போதெல்லாம் நான் கைதட்டுவதில்லை.

அவ்வேரின் பயனை இந்திய மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பித்துப் பிடித்தோரை அமைதிப்படுத்த அதனை நெடுங்காலம் கொடுத்து வந்தனர். ஆயின், மேடையில் சொல்லப்படுவது இக்கதையின் முதல் வரி மட்டுமே. எஞ்சிய வரிகளை யார் சொல்வது?

1931-இல் தில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து ஆல்கலாய்டு எனும் காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும், வேர் வெறியைத் தணிப்பதையும் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதி வெளியிட்டனர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளிடம் கண்டதை 1949-இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே மேனாட்டார் பரவலாகக் கவனம் செலுத்தினர். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரெசர்பின் எனும் ஆல்கலாய்டைப் பிரித்தனர்.

ரெசர்பின், மூளை நரம்புகளில் சேமிக்கப்பட்டுள்ள டோபமின் முதலிய பொருள்களை வற்றச் செய்கிறது. அதனால் அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்கு 1957-இல் சுவீடன் அறிஞர் அர்விட் கார்ல்சன் டோபாவைச் செலுத்தினார். அவை எழுந்து நடமாடின. பார்க்கின்சன் எனும் நடுக்குவாத நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் லெவோடோபா மருந்துக்கு வழி திறந்தது இச்சோதனை. கார்ல்சன் 2000-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அதே ரெசர்பின் சிலரிடம் மனச்சோர்வை உண்டாக்குவதாகவும் மருத்துவர்கள் பதிவு செய்தனர். மாத்திரையில் அதன் அளவு கால் மில்லிகிராம். வேரிலோ செடிக்குச் செடி அளவு மாறும்.

இவ்வளவையும் மேடையில் சொல்லாததால் என்ன கெட்டுவிட்டது என்பீர்கள். எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியவர் ஒருவர், அத்தகைய பேச்சொன்றைக் கேட்டு, மருத்துவமனை தந்த இரத்த அழுத்த மாத்திரையோடு வேர்ப்பொடியையும் கரண்டிக் கணக்கில் உண்டு வந்தார். ஒரு விடியலில் எழுந்தவர் மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவரைப் பார்க்கச் சென்றேன். "வாத்தியாரய்யா, நீங்களுந்தானே கைதட்டுனீங்க?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை.

இப்படி எழுதுபவன் முன்னோரை மதியாதவன் என்று சிலர் சினங்கொள்ளலாம். சித்திக்கி தாம் பிரித்த பொருள்களுள் ஒன்றுக்கு, யுனானி மருத்துவ மேதை ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். மரபை மதித்தவரே அதனை நிறுத்தும் பார்த்தார். வெறும் முழக்கத்தைவிட இதுவன்றோ முன்னோர்க்குச் செய்யும் மரியாதை?

ஆசிரியப் பெருமக்களே, நம் சொல்லைத் தோட்டத்து மக்கள் நம்புகிறார்கள். நம் மாணவர்களும் நாளை அதே மேடையில் நிற்பார்கள். சர்ப்பகந்தியின் பெயரை எடுப்பவர் அதன் அளவையும் தீங்கையும் சேர்த்தே சொல்லட்டும். சொல்லத் தெரியாதவர் அமர்ந்து கற்கட்டும்.