கேஸ் கீசர் பாதியில் அணைந்து போகிறதா? முதலில் வெளியே வாருங்கள்

கரியாலூருக்குப் பணிக்கு வந்த புதிதில் என்னைப் படாத பாடு படுத்தியது நோயாளிகள் இல்லை மக்களே. நான் குடியிருந்த வீட்டுக் குளியலறையில் மாட்டியிருந்த கேஸ் கீசர்.

கல்வராயன் மலையில் மார்கழி, தை மாதக் காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் வெந்நீரின் அருமை தெரியும். காற்றும் மழையும் அடித்தால் கரண்ட் போய்விடும். அதனால் எனக்கு முன்பு குடியிருந்தவர் கேஸ் கீசர் மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கும்போது பொசுக்கென்று அணைந்து ஐஸ் தண்ணீரைக் கொட்டும்.

படித்தது மருத்துவமாக இருந்தாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். குழாயைத் திறந்ததும் 'டக் டக் டக்' என்று பொறி சத்தம் வரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பெரிய டார்ச் செல்தான். சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் சிலிண்டர் காலியா, ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் வேகம் குறைவாக இருந்தாலும் கீசர் பற்றாது, ஏனென்றால் தண்ணீர் தள்ளுகிற அழுத்தத்தில்தான் கேஸ் வால்வு திறக்கும். டேங்க் போதிய உயரத்தில் இல்லாமல் இருக்கலாம். தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன சல்லடையில் மண் அடைத்திருக்கலாம். என் வீட்டில் அதுதான். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன், பற்றிக்கொண்டது. எம்.பி.பி.எஸ். பாஸ் ஆனபோது கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஆனால் நடுவில் அணைவது மட்டும் நிற்கவே இல்லை.

ஒரு மெக்கானிக் வந்தார். பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். "சார், இதுல ஒரு டைமர் இருக்கு. ரொம்ப நேரம் ஓடினா அதுவா கட் பண்ணிடும். அதை பைபாஸ் பண்ணிடறேன், பத்து நிமிஷ வேலை."

காலை ஓ.பி.க்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், "சரி, பண்ணிடுங்க" என்று வாய் வரை வந்துவிட்டது.

பல மாடல்களில் சுமார் 20 நிமிடம் தொடர்ந்து ஓடினால் கீசர் தானாக அணையும். சிலவற்றில் காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தாலே அணைக்கும் சென்சாரும் உண்டு. நாம் 'ரிப்பேர்' என்று நினைக்கிற அந்த விஷயம்தான் நம்மை உயிரோடு வைத்திருக்கிறது.

ஏன் என்று கேட்டால்...

ஒரு பங்கு சமையல் கேஸ் முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். நம் குளியலறையோ தீப்பெட்டி. குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனை நீங்களும் கீசரும் பங்கு போடுகிறீர்கள். அது குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். கேஸ் கசிந்தாலாவது நாற்றம் காட்டிக்கொடுக்கும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். லேசாகத் தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவளும். தாழ்ப்பாளைத் திறக்கலாம் என்று தோன்றும்போது கை எழும்பாது.

'எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே டாக்டர்?' கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும். செல்லில் பற்றும் கீசர் நிற்காது. மலையில் இதை விட ஆபத்தான ஜோடி இல்லை.

2023 மார்ச்சில் ஹோலி ஆடிவிட்டுக் குளிக்கப் போன இரண்டு தம்பதிகள், ஒன்று மும்பை காட்கோபரில், இன்னொன்று காஸியாபாத் பக்கம், குளியலறையிலேயே இறந்து கிடந்தார்கள். இரண்டிலும் கேஸ் கீசர் மேல்தான் சந்தேகம். கீசர் இல்லாமலும் இது நடக்கும். 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலில் குளிருக்காக பார்பிக்யூ கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை.

இறப்பவர்கள் செய்தியாகிறார்கள். பிழைத்தவர்கள்?

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு கல்லூரிப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பாத்ரூமில் ஃபிட்ஸ். நம் தென்னிந்தியாவில் தலைக்குச் சூடான தண்ணீர் ஊற்றும்போது வரும் 'வெந்நீர் வலிப்பு' என்றே ஒன்று உண்டு. அதுவாக இருக்கும் என்று மாத்திரை எழுதி அனுப்பினோம். வீட்டில் என்ன கீசர் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். கேஸ் கீசரால் வரும் வலிப்பைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். நான் படித்தது அதற்குப் பல வருடம் கழித்து. அந்தப் பெண் திரும்பிப் போனது அதே குளியலறைக்கா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அதனால், பாத்ரூமில் மயக்கம் அல்லது வலிப்பு என்று யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால், டாக்டர் கேட்காவிட்டாலும் "வீட்டில் கேஸ் கீசர் இருக்கு சார்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதில் ஏமாந்துவிடும், 98 என்று காட்டும். காப்பாற்றச் செல்பவர் கதவைத் திறந்து, முடிந்தால் கேஸை அடைத்து, ஆளை உடனே வெளியே இழுங்கள். உள்ளே நின்று தண்ணீர் தெளித்து எழுப்பிக்கொண்டிருந்தால் நீங்களும் பக்கத்தில் விழுவீர்கள். பிறகு 108. சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும். கர்ப்பிணி என்றால் 'இப்போ நல்லா இருக்கேன்' என்றாலும் கட்டாயம் கூட்டி வாருங்கள், வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

என் கருத்து ஒன்றுதான். குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டுவதே தவறு. ரிப்பேர் செய்ய வேண்டியது கீசரை இல்லை, அது இருக்கும் இடத்தை. மலையில் ரூம் வாடகைக்கு விடுபவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சுடுதண்ணி உண்டா என்று விசாரிக்கிற விருந்தாளி, கீசர் எங்கே இருக்கிறது என்றும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். உள்ளே என்றால் பக்கெட்டை நிரப்பி, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றை மாற்றிவிட்டு அப்புறம் குளியுங்கள். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், புகைக்கரி படிந்திருந்தால் தொடவே வேண்டாம்.

இங்கே ஊருக்குள் பார்த்தால் பல வீடுகளில் வெந்நீர் அடுப்பு வாசலில்தான் இருக்கிறது. மூன்று கல், ஒரு அண்டா. சூடானதும் மொண்டு எடுத்துக்கொண்டு போய்க் குளிக்கிறார்கள். கீசர் வாங்கிய நாம்தான் அடுப்பைக் குளியலறைக்குள் கொண்டு வந்தோம்.

அந்த மெக்கானிக்கிடம் பைபாஸ் வேண்டாம், கழற்றி வெளிச்சுவரில் மாட்டுங்கள் என்றேன். "மழை படும் சார், காத்துல அணையும்" என்றார். மேலே ஒரு தகரம் அடித்துக் கொடுத்தார், சுவரைத் துளைத்துப் பைப்பை மட்டும் உள்ளே விட்டோம். பெருங்காற்று அடிக்கும் நாளில் இப்போதும் நடுவில் அணைகிறது. ஷாம்பு நுரையோடு கத்துகிறேன்.